போதகரிடம் "வேண்டாம்" என்று சொல்வது யார்?

1744-ல் மசாசூசெட்ஸில் உள்ள நார்த்தாம்ப்டன் சபையில் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் ஒரு பெயர்ப் பட்டியலை வாசித்தார். இளைஞர்கள் சிலர் மருத்துவச்சிகளுக்கான புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு பெண்பிள்ளைகளைக் கேலி செய்கிறார்கள் என்று அவருக்குத் தகவல் வந்திருந்தது. விசாரிக்கலாம் என்று சபையும் ஒப்புக்கொண்டது. சரி, விசாரணைக்கு யார் யார் வர வேண்டும்? அதற்குத்தான் அந்தப் பட்டியல். குற்றம் சாட்டப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள், சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். யார் எந்த வகை என்று பிரிக்காமல் எல்லாப் பெயரையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டார். பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அதில் இருந்தார்கள். ஜனங்கள் வீடு போய்ச் சேருவதற்குள் ஊர் கொதிக்க ஆரம்பித்துவிட்டது.

ஆறு வருடம் கழித்து, 1750-ல், அதே சபை அவரை வெளியே அனுப்பியது. ஓட்டுப் போட்ட ஆண் உறுப்பினர்களில் ஏறக்குறைய 230 பேர் அவர் போகட்டும் என்றார்கள். இருக்கட்டும் என்றவர்கள் 23 பேர். உடனடிக் காரணம் வேறு. திருவிருந்தில் யாரைச் சேர்ப்பது என்பதில், அவருக்கு முன் அங்கே போதகராக இருந்த அவருடைய தாத்தா சாலமன் ஸ்டாடர்ட் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார். பேரன் அதை மாற்ற நினைத்தார். தன் பக்கத்து நியாயத்தைப் பிரசங்கத்தில் விளக்க அனுமதி கேட்டார், சபை தரவில்லை. அக்கம்பக்கத்துச் சபைகளின் ஆலோசனைக் குழு கூடியது. அதுவும் ஒரே ஓட்டு வித்தியாசத்தில், பிரிந்துவிடுவதே நல்லது என்றது. அன்றைய அமெரிக்காவின் மிகப் பெரிய இறையியல் அறிஞர் 23 வருடம் மேய்த்த மந்தையை விட்டுப் போனார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார்கள். போதகர் பக்கம் நிற்கிறவர்களுக்கு அது நன்றிகெட்ட சபை; சபை பக்கம் நிற்கிறவர்களுக்கு அவர் இளகத் தெரியாத மனிதர். எனக்கு இரண்டு பக்கத்திலும் ஒரே குறைதான் தெரிகிறது. பட்டியலை வாசிக்கும் முன் யாராவது ஒருவர் அதை எட்டிப் பார்த்து, "ஐயா, சாட்சிக்காரர் பெயரைத் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அப்படி ஒருவர் இல்லை. ஆறு வருடம் கழித்து, "அவர் பேசுவதைக் கேட்டுவிட்டு ஓட்டுப் போடுவோம்" என்று சபையைப் பிடித்து நிறுத்தும் பலமும் யாருக்கும் இல்லை.

தலைமையில் சமநிலை வேண்டும் என்றதும் பலர் ஒரு மிதமான மனிதரைத் தேடப் போய்விடுகிறார்கள். கண்டிப்பும் வேண்டும், கனிவும் வேண்டும், ஜெபமும் நிர்வாகமும் தெரிந்திருக்க வேண்டும். நல்ல ஆசைதான். ஏறக்குறைய 590-ல் ரோமாபுரியின் பிஷப்பான மகா கிரகோரியார் மேய்ப்பர்களுக்காக எழுதியபோது இதற்கு ஒரு அழகான படத்தைக் காட்டினார்: உடன்படிக்கைப் பெட்டிக்குள் கற்பலகைகளோடு கோலும் இருந்தது, மன்னாவும் இருந்தது, மேய்ப்பனுடைய நெஞ்சிலும் கண்டிப்பின் கோலும் இனிமையின் மன்னாவும் சேர்ந்தே இருக்கட்டும் என்றார். ஆனால் இதெல்லாம் குணம். குணத்தை மட்டும் நம்பிச் சபை நடத்த முடியாது. நல்ல குணமுள்ளவரும் களைத்துப்போகிற நாள் உண்டு. புகழ்ச்சியில் மயங்குகிற நாளும் உண்டு. அந்த நாளில் அவரைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஏற்பாடு வேண்டும். சமநிலை அந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

புதிய ஏற்பாட்டைத் திறந்தால் இது கண்ணில் படாமல் போகாது. பவுலும் பர்னபாவும் ஒவ்வொரு சபையிலும் மூப்பர்களை ஏற்படுத்தினார்கள் என்று அப்போஸ்தலர் 14 சொல்கிறது. மூப்பர்கள் என்று பன்மையில். எபேசு சபையின் மூப்பர்களைப் பவுல் வரவழைத்துப் பேசும் 20-ஆம் அதிகாரத்தில், அதே ஆட்களைத்தான் கண்காணிகள் என்றும் அழைக்கிறார். தீத்துவுக்கு எழுதும்போதும் இரண்டு சொல்லும் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று வருகிறது. பேதுருவோ மூப்பர்களுக்குப் புத்தி சொல்லும்போது தன்னை "உடன்மூப்பன்" என்கிறார், அதாவது உங்களில் ஒருவன். இதற்கு நேர் எதிரான ஒரே ஒரு ஆளைப் பெயர் சொல்லிக் காட்டுகிறது யோவானின் மூன்றாம் நிருபம்: தியோத்திரேப்பு. முதன்மையாயிருக்க ஆசைப்பட்டவன், வந்த சகோதரரையும் ஏற்றுக்கொள்ளவில்லை, ஏற்றுக்கொள்ள நினைத்தவர்களையும் சபைக்குப் புறம்பாக்கினான். ஒரு சபைக்குள் ஒரே குரல் ஒலித்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த இரண்டு மூன்று வரி போதும்.

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கிரேக்கம் பேசும் விதவைகளை அன்றாடப் பந்தியில் சரியாகக் கவனிக்கவில்லை என்று முறுமுறுப்பு எழுகிறது. அப்போஸ்தலர்கள் வழக்கமான இரண்டு தவறையும் செய்யவில்லை. "முறுமுறுக்காதீர்கள், ஜெபியுங்கள்" என்று வாயை அடைக்கவும் இல்லை, எல்லாவற்றையும் தங்கள் தலையில் போட்டுக்கொள்ளவும் இல்லை. ஜெபமும் வசன ஊழியமும் எங்கள் வேலை, பந்திவிசாரணைக்கு ஏழு பேரை நீங்களே பாருங்கள் என்றார்கள். தெரிந்தெடுத்தது சபை, கை வைத்து ஜெபித்தது அப்போஸ்தலர்கள். அப்புறம் அந்த ஏழு பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். பெயரை மட்டும் வைத்து முழுதாகத் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் புகார் சொன்ன பக்கத்தின் கையிலேயே கரண்டியைக் கொடுத்தார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். இன்றைக்கு எத்தனை சபைகளில் புகார் சொன்னவரைக் குழுவில் சேர்ப்பார்கள்? அடுத்த தேர்தலில் அவர் பெயரே வராமல் பார்த்துக்கொள்வார்கள்.

15-ஆம் அதிகாரத்தின் எருசலேம் ஆலோசனையும் இப்படித்தான். யூதரல்லாத விசுவாசிகளும் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்பதில் மிகுந்த தர்க்கம் நடந்தது என்று மறைக்காமல் எழுதியிருக்கிறது. பேதுரு பேசுகிறார், பர்னபாவும் பவுலும் சாட்சி சொல்கிறார்கள், யாக்கோபு முடித்து வைக்கிறார், தீர்மானம் சபை முழுவதின் சம்மதத்தோடு கடிதமாகப் போகிறது. முடித்து வைக்க ஒருவர் இருக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். பலர் பேசினால் மட்டும் சமநிலை வந்துவிடாது. பேச்சை எங்கோ ஒரு இடத்தில் நிறுத்தி, "இதுதான் முடிவு" என்று சொல்லும் பொறுப்பும் யாரோ ஒருவருக்கு வேண்டும்.

இரண்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், அந்தியோகியாவின் இக்னேஷியஸ் எழுதிய கடிதங்களிலேயே ஒரு பிஷப், அவரோடு மூப்பர் குழு, உதவிக்காரர்கள் என்ற மூன்றடுக்கு தெளிவாகத் தெரிகிறது. பிஷப்பின் கை ஓங்கிய காலம் அது. ஓங்கியபோதும் சிலருக்கு எல்லை தெரிந்திருந்தது. மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜின் பிஷப் சிப்ரியான், தலைமறைவில் இருந்தபடி தன் மூப்பர்களுக்கு எழுதினார்: பிஷப் ஆன நாளிலிருந்தே, உங்கள் ஆலோசனையும் ஜனங்களின் சம்மதமும் இல்லாமல் என் சொந்த எண்ணத்தின்படி எதையும் செய்வதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன் என்று. துன்புறுத்தல் நேரம், அவசரம் என்று சொல்லித் தனியாக முடிவெடுக்க அவருக்கு எல்லாச் சாக்கும் இருந்தது.

ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தன் மடத்துக்கு எழுதிய விதிமுறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மூன்றாம் அதிகாரம். முக்கியமான காரியம் எதுவானாலும் மடாதிபதி எல்லாத் துறவிகளையும் கூட்டி, விஷயத்தைத் தானே விளக்கி, ஒவ்வொருவர் ஆலோசனையையும் கேட்க வேண்டும். எல்லாரையும் ஏன்? நல்ல வழியைக் கர்த்தர் பலமுறை இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்கிறார் பெனடிக்ட். கேட்ட பின் முடிவு மடாதிபதியுடையது. மற்றவர்கள் கீழ்ப்படிய வேண்டும். சின்னச் சின்ன விஷயமானால் மூத்தவர்களைக் கேட்டால் போதும், ஆனால் யாரையுமே கேட்காமல் செய்யக்கூடாது. ஒரு பக்கம்கூட வராத அந்த அதிகாரத்தில் அதிகாரமும் இருக்கிறது, அதற்குக் கடிவாளமும் இருக்கிறது. கடைசியாகச் சேர்ந்த பையன் வாய் திறக்கும் வரை பெரியவர் காத்திருக்க வேண்டும் என்பது சாதாரண நிபந்தனை இல்லை.

சீர்திருத்தக் காலத்தில் ஜெனீவா வேறு வழி கண்டது. 1541-ல் கால்வின் வகுத்த சபை ஒழுங்கில் நான்கு பொறுப்புகள்: போதகர், வேத ஆசிரியர், மூப்பர், உதவிக்காரர். போதகர்கள் வாரம் ஒருமுறை கூடி வேதத்தைச் சேர்ந்து ஆராய்வார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் குறையை மற்றவர் முகத்துக்கு நேராகச் சொல்லவும் ஏற்பாடு இருந்தது. அதே ஜெனீவா பொதுஜனத்தின் ஒழுக்கத்தைக் கண்காணித்த விதம் பல இடங்களில் மூச்சுமுட்டும் அளவுக்குப் போனது என்பது வேறு கதை.

இந்த வரலாற்றிலிருந்து மூன்று பெரிய வகைகள் வந்தன: பிஷப் ஆளும் வழி, மூப்பர் குழு ஆளும் வழி, சபையாரே முடிவெடுக்கும் வழி. ஒவ்வொன்றும் தன்னையே வேதத்தின்படியானது என்று சொல்லும். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எனக்குச் சுவாரசியமானது ஒவ்வொன்றும் எங்கே உடைகிறது என்பதுதான். மேலிருந்து கீழ் வரும் அதிகாரம் மறைக்கும்போது உடைகிறது. பாஸ்டன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தில் சிறுவர்களைச் சீரழித்த குருக்களைப் பங்கு மாற்றி மாற்றி அனுப்பிய விவரம் 2002-ல் வெளியே வந்து, அந்த டிசம்பரில் அங்கே பேராயராக இருந்த கர்தினால் அந்தப் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. சரி, மேலிடமே இல்லாமல் ஒவ்வொரு சபையும் சுதந்தரமாக இருந்தால்? அமெரிக்காவின் தென் பாப்டிஸ்ட் கூட்டமைப்பு அப்படிப்பட்டதுதான். பாலியல் குற்றவாளிகளின் பட்டியல் ஒன்றை வைத்து சபைகளை எச்சரியுங்கள் என்று பாதிக்கப்பட்டவர்கள் பல வருடம் கெஞ்சினார்கள். ஒவ்வொரு சபையும் தனித்தன்மை உள்ளது, நாங்கள் தலையிட முடியாது என்று பதில் வந்தது. 2022-ல் வெளியான விசாரணை அறிக்கை, 700-க்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்று தலைமையகத்துக்குள்ளேயே சத்தமில்லாமல் இருந்ததைக் காட்டியது. ஒரு இடத்தில் அதிகாரம் சாக்கு, இன்னொரு இடத்தில் சுதந்தரம் சாக்கு. பாதிக்கப்பட்டவர் இரண்டிலும் வாசலுக்கு வெளியேதான் நின்றார்.

மூப்பர் குழு இருந்தால் மட்டும் போதுமா? சியாட்டிலில் 1996-ல் தொடங்கிய மார்ஸ் ஹில் சபையில் மூப்பர்கள் இல்லாமல் இல்லை. 2007-ல் விதிமுறைகளை மாற்றி அதிகாரத்தைச் சிறு வட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அந்த நேரத்தில் கேள்வி எழுப்பிய மூப்பர்கள் இருவர் பதவியிழந்தார்கள். சபை வளர்ந்தது, பல கிளைகளில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். வளர்ச்சி எல்லாக் கேள்விக்கும் பதிலாகத் தெரிந்தது. 2014-ல், சபையை நிறுவியவர்களில் ஒருவரான தலைமைப் போதகர் விலகினார். அடுத்த சில மாதத்தில் அந்த முழு அமைப்பும் கலைக்கப்பட்டது. ஒருவர் போனதும் ஒரு சபையே இல்லாமல் போகுமானால் பாரமெல்லாம் எந்தத் தூணில் நின்றது என்பது தெரிகிறது அல்லவா?

சமநிலைக்கு விலையும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. இங்கிலாந்து திருச்சபையின் பொதுப்பேரவையில் பிஷப்புகள், குருமார், சபையார் என்று மூன்று அவைகள். பெரிய மாற்றத்துக்கு மூன்றிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 2012 நவம்பரில் பெண்களைப் பிஷப்புகளாக்கும் தீர்மானம் முதல் இரண்டு அவைகளில் மிக எளிதாகத் தேறியது. சபையார் அவையில் 132 பேர் ஆதரவு, 74 பேர் எதிர்ப்பு. ஆறு ஓட்டில் விழுந்தது. இரண்டு பக்கமும் திரும்ப உட்கார்ந்து பேசி, 2014-ல் நிறைவேறியது. இரண்டு வருடத் தாமதம். ஒரு மாற்றத்துக்காக ஆயுள் முழுவதும் காத்திருப்பவருக்கு அது வீண் தாமதம். மனச்சாட்சி உறுத்துகிறது என்று எதிர்த்தவருக்கோ தன் குரல் எண்ணப்பட்டதற்கு அடையாளம். இரண்டு உணர்வும் நியாயமானவையே.

1982-ல் பெருவின் லீமா நகரில், உலகத் திருச்சபைகள் மன்றத்தின் இறையியல் ஆணையம் ஓர் ஆவணத்தை ஏற்றுக்கொண்டது. குருத்துவ ஊழியம் மூன்று விதமாகவும் நடக்க வேண்டும் என்கிறது அது: தனிநபர் வழியாக, சகஊழியரோடு குழுவாக, சபையார் எல்லாரும் பங்குபெறும்படியாக. மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடாதே என்பதுதான் இதன் சாரம். மூன்று வகையும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்க வேண்டியது இருக்கிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வாக்கியத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

ஆவணம் இருக்கட்டும், ஒரு சபையின் கமிட்டி அறைக்கு வருவோம். ஏழெட்டுப் பேர், ஒரு மேஜை, மினிட்ஸ் நோட்டு. புதுக் கட்டடம் கட்டலாமா என்று பேச்சு. பொருளாளர் கையில் கணக்குத் தாள். இருப்பு போதாது என்று அவருக்குத் தெரியும். வாயெடுக்கப் போகிறார். அதற்குள் போதகர் கண்ணை மூடி, "நான் ஜெபத்தில் இருந்தபோது கர்த்தர் இதைக் காட்டினார்" என்கிறார். பொருளாளர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறார். நோட்டில் "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதப்படுகிறது. கர்த்தர் காட்டியிருக்கலாம். ஆனால் போதகருக்குக் காட்டியவர் பொருளாளரின் கணக்கிலும் எதையாவது காட்டியிருக்கலாம் அல்லவா? அந்த வாக்கியத்தைக் கூட்டத்தின் ஆரம்பத்தில் சொன்னால் ஆலோசனைக்கு இடமில்லை. எல்லாரும் பேசிய பிறகு, "எனக்கு இப்படித் தோன்றுகிறது, சோதித்துப் பாருங்கள்" என்று சொன்னால் அதே வாக்கியம் வேறு வேலை செய்யும்.

இதோடு ஒட்டிவருவது "அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்ற வசனம். சங்கீதம் 105-ல் இருந்து எடுப்பார்கள். அங்கே யாருக்கு யாரைப் பற்றிச் சொல்லியிருக்கிறது என்று யாரும் வாசிப்பதில்லை. ஊர் ஊராக அலைந்த, எண்ணிக்கையில் கொஞ்சமான முற்பிதாக்களைப் பற்றி, அவர்களை ஒடுக்கக்கூடிய ராஜாக்களுக்குச் சொன்ன எச்சரிக்கை அது. பலமில்லாதவருக்குக் கொடுத்த கேடயத்தைப் பலமுள்ளவர் எடுத்து மாட்டிக்கொண்டார். சவுலைத் தொடாத தாவீதையும் உதாரணம் காட்டுவார்கள். எங்கேதிக் குகையில் தாவீது கை ஓங்கவில்லை, உண்மை. ஆனால் வெளியே வந்து, எல்லார் காதிலும் விழும்படி, "ஏன் இப்படிச் செய்கிறீர்" என்று ராஜாவை நேராகக் கேட்டான். பிறகு அவனே அபிஷேகம் பெற்ற ராஜாவாக இருந்தபோது நாத்தான் வந்து "நீயே அந்த மனுஷன்" என்றான். தாவீது அவனைச் சபையைவிட்டு நீக்கவில்லை.

இதற்கு மறுபக்கம் உண்டு. போதகர் மேல் வரும் எல்லாப் புகாரும் நியாயமானது என்று நினைப்பதும் சாய்வுதான். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம், ஐந்தாம் அதிகாரத்தில் இரண்டு வசனங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பனுக்கு விரோதமான குற்றச்சாட்டை ஏற்காதே என்கிறது 19. பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறது 20. போதகர்கள் முதல் வசனத்தையும் அவர்களுடைய எதிரிகள் இரண்டாம் வசனத்தையும் அடிக்கோடிட்டு வைத்திருப்பார்கள். 21-ஆம் வசனம், பட்சபாதத்தோடு ஒன்றும் செய்யாதே என்று இருவரையும் சேர்த்துக் கட்டுகிறது. மெல்லிய வதந்திக்கு ஒரு ஊழியரின் பெயரைப் பலிகொடுக்கவும் கூடாது, பெயரைக் காப்பாற்ற உண்மையைப் புதைக்கவும் கூடாது. குற்றம் சட்டத்தின் எல்லைக்குள் வருமானால் அது கமிட்டி அறையில் தீரும் விஷயம் இல்லை. காவல்துறைக்குப் போக வேண்டும்.

பண விஷயத்தில் பவுல் எவ்வளவு கவனமாக இருந்தார் என்பது கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுபோகத் தன் நம்பிக்கைக்குரிய தீத்து இருந்தும், சபைகள் தெரிந்தெடுத்த வேறொரு சகோதரனையும் கூட அனுப்புகிறார். ஒருவரும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு, கர்த்தருக்கு முன் மட்டுமல்ல மனுஷருக்கு முன்னும் யோக்கியமாக நடக்க, என்று காரணமும் சொல்கிறார். காணிக்கைப் பையை அவிழ்க்கும்போது உறவில்லாத இரண்டு பேர் எண்ணி, ஒரே தாளில் இருவரும் கையெழுத்திட்ட பிறகே வெளியே போக வேண்டும் என்ற வழக்கம் இதே எண்ணத்தில் வந்ததுதான். கணவனும் மனைவியும் எண்ணினால் அது இரண்டு பேர் கணக்கில் வராது. 1948-ல் கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோவில் பில்லி கிரகாமும் அவர் குழுவினரும் உட்கார்ந்து, சுவிசேஷகர்கள் வழக்கமாக விழும் குழிகளைப் பட்டியலிட்டார்கள்: பணம், பாலியல் ஒழுக்கக்கேடு, உள்ளூர்ச் சபைகளைக் குறைசொல்வது, கூட்டத்தின் எண்ணிக்கையைப் பெருக்கிச் சொல்வது. விழுந்த பிறகு போடும் வேலியைவிட, நன்றாக நடக்கும்போதே போட்டுக்கொண்ட வேலி பலமாக நின்றது.

தலைவருக்கும் இந்த ஏற்பாடு ஓய்வு தருகிறது என்பதை யாரும் அதிகம் சொல்வதில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜனங்கள் சூழ்ந்து நிற்க மோசே தனியாக நியாயம் விசாரிப்பதைப் பார்த்து எத்திரோ, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்றார். நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். மாமனார் சொன்னதை மருமகன் கேட்டார். சொன்னவர் அந்த அமைப்புக்கு வெளியே இருந்து வந்தவர், சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பிப் போனவர். அவருக்கு அதில் பதவியும் இல்லை, லாபமும் இல்லை. இப்படி வெளியிலிருந்து வந்து பார்க்கும் ஒரு கண் ஒவ்வொரு சபைக்கும் தேவை. தணிக்கையாளரோ, பக்கத்துச் சபையின் மூத்த போதகரோ, யாராக இருந்தாலும் சரி.

நார்த்தாம்ப்டனில் எட்வர்ட்ஸுக்கு எதிராக முன்னின்று பேசியவர்களில் ஒருவர் ஜோசப் ஹாலி. வக்கீல், எட்வர்ட்ஸின் தாயோடு பிறந்தவளின் மகன். பதவி நீக்கத்துக்குப் பிறகும் புதுப் போதகர் கிடைக்காத ஞாயிறுகளில் அதே சபை எட்வர்ட்ஸையே கூப்பிட்டுப் பிரசங்கிக்க வைத்தது. அவரும் வந்து பிரசங்கித்தார். சில வருடத்தில் ஹாலிக்கு மனம் உறுத்தி, எட்வர்ட்ஸுக்குத் தனியாக எழுதி மன்னிப்புக் கேட்டார். 1760-ல் ஊரறிய ஒரு கடிதத்தை வெளியிட்டு, அளவு மீறிப் பேசினேன், அவசரப்பட்டோம் என்று ஒப்புக்கொண்டார். அப்போது எட்வர்ட்ஸ் பிரின்ஸ்டனில் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.